முதல் சொட்டு யாருக்கு

1

இந்தக் கதையை எழுத எனக்குப் பணம் கொடுத்தார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிக்க வேண்டாம்.

கேட்டது கதைகூட இல்லை, 'வெற்றிக் கதை'. ஐரோப்பியப் பணத்தில் நடக்கிற எந்தத் திட்டத்துக்கும் கடைசியில் ஒரு வெற்றிக் கதை ஒட்ட வேண்டுமாம். எங்கள் திட்டம் ட்ரினா நதியின் இரு கரைக்கும் பொதுவான ஒரு குளிர்பதனக் கிடங்கு. இந்தக் கரை போஸ்னியா, அந்தக் கரை செர்பியா. இரண்டிலும் ராஸ்பெர்ரி விளைகிறது. பறித்த பழம் ஒரு பகல் வெயிலைத் தாங்காது என்பதால் வெளியூர் வியாபாரி சொன்னதே இதுவரை விலை. கிடங்கு வந்தால் பழத்தை உறைய வைத்துவிட்டு நாம் விலை சொல்லலாம். முன்பு ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள் இனி சேர்ந்து பழத்தை உறைய வைப்பார்கள் என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். திட்ட அதிகாரி ஹெல்வெக் அம்மையார் அதை அப்படியே குறித்துக்கொண்டார். ஒரு பக்கம் போதும், கடைசி வரி மட்டும் மனதைத் தொட வேண்டும் என்றார்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இலக்கியம் சொல்லித்தருகிறவள். திட்டத்தில் எனக்குக் கொடுத்த பதவி மொழிபெயர்ப்பாளர். அம்மையாருக்கு நான் தேவைப்பட்டேன், சரி. ஆனால் இரு கரைக்காரர்களுக்கும் இடையேகூட நான் மொழிபெயர்க்க வேண்டும் என்று விதிமுறையில் இருந்தது. இரண்டு பேரும் பேசுவது ஒரே பேச்சு. ஆகவே கூட்டங்களில் நடுவில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். அவர்கள் பேசியதைச் சொல்லத் தேவையில்லாததால், பேசாமல் விட்டதைக் கவனிக்க ஆரம்பித்தேன். வினையே அங்கேதான் தொடங்கியது.

(என் பெயரைப் போடவில்லை. இங்கே பெயரைக் கேட்ட மறுநொடியே ஆள் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். பிறகு நான் என்ன எழுதினாலும் அது அந்தப் பக்கத்து எழுத்து. நீங்களாவது கொஞ்ச நேரம் தெரியாமல் படியுங்கள்.)

2

முதல் தொடக்கம்: "நதி பிரிக்கிறது, அதே நதி இணைக்கவும்…"

அடித்துவிட்டேன். தொண்ணூற்றிரண்டில், போர் மூண்ட கோடையில், இந்த நதி எதையெல்லாம் சுமந்துகொண்டு போனது என்று கரையில் நின்று பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் படித்தால் காறித் துப்புவார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "நம் கரைப் பழச் சாகுபடியாளர் சங்கத்தின் தலைவி ஷெஃபிகா ஒரு கைம்பெண்…"

இதுவும் நின்றுபோயிற்று. ஷெஃபிகா கைம்பெண்தானா என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கோடையில் அவர் கணவர் ஆவ்தோவை, ஒரு சின்ன விசாரணை, சாப்பாட்டுக்கு முன்னால் அனுப்பிவிடுகிறோம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். அதோடு சரி. ஆளும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மகள் ஆஸ்திரியாவில் நர்ஸ். எங்காவது எலும்பு கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ரத்தம் கொடுத்து வைத்திருக்கிறாள்.

எங்கள் வீடுகளில் காப்பித் தட்டில் ஒரு கோப்பை கூடுதலாக வைப்பது வழக்கம், திடீரென்று யாராவது வந்தால் இருக்கட்டும் என்று. மற்ற வீடுகளில் அது வெறும் மரியாதை. ஷெஃபிகாவின் தட்டில் அது யாருக்கு என்று ஊருக்கே தெரியும். அவர் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஒரு கல் நட வேண்டும், அதன் கீழே ஆள் இருக்க வேண்டும். இதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் தொடக்கம்: "மறுகரைச் சங்கத் தலைவர் மிலிசாவ் நல்ல மனிதர்."

இந்த வாக்கியத்தை முடித்தேன். முற்றுப்புள்ளி வைத்தேன். பிறகு வெகுநேரம் அதையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

கதாபாத்திரத்தை நம்பாத எழுத்தாளர் அதை எழுதக்கூடாது என்பார்கள். நான் மிலிசாவை நம்பவில்லை. ஆனால் அவர் இல்லாமல் கதையும் இல்லை, கிடங்கும் இல்லை. லாரிகள் அவருடையவை. ஜெர்மனியில் பழம் வாங்குகிறவரும் அவருக்குத் தெரிந்தவர்தான்.

கனத்த உடம்பு, வயிறு குலுங்கச் சிரிப்பு. பாலத்தைத் தாண்டி வரும்போதெல்லாம் ஷெஃபிகாவுக்குப் பாலாடைக் கட்டி கொண்டுவருவார். ஷெஃபிகா வீட்டு மோட்டார் கெட்டுப்போனபோது வந்து மண்டியிட்டு உட்கார்ந்து சரிசெய்தார். ஷெஃபிகா அவரைக் 'கொம்ஷியா' என்று கூப்பிடுவார். பக்கத்து வீட்டுக்காரரே என்று அர்த்தம். இங்கே எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். ஆவ்தோவை அழைத்துப் போனவர்களும் வாசலில் நின்று அப்படித்தான் கூப்பிட்டார்களாம்.

போரில் என்ன செய்தீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். "பாலத்துக்கு அந்தப் பக்கம் காவல் நின்னேன் டீச்சர், அவ்ளோதான்," என்றார். எங்கள் வட்டாரத்தில் அந்த வயது ஆண்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ஏதாவது ஒரு பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருப்பார்கள், மீதிப் பேர் சமையல்காரர்கள். எங்கள் போரில் சுட்டவர் என்று ஒருவர்கூட இல்லை.

(இங்கே கொஞ்சம் கட்டுரை. சேர்ந்து வியாபாரம் செய்கிறவர்கள் சண்டை போடமாட்டார்கள் என்று பெரிய படிப்பு படித்தவர்கள் சொல்கிறார்கள். ஹெல்வெக் அம்மையாரும் ஒவ்வொரு கூட்டத்தையும் அதைச் சொல்லித்தான் தொடங்குவார். நான் முகம் மாறாமல் மொழிபெயர்ப்பேன். போருக்கு முன்னால் இரு கரைக்கும் சேர்த்து ஒரே கூட்டுறவுச் சங்கம்தான் இருந்தது. ஆவ்தோ அதன் லாரி ஓட்டுநர். மிலிசாவ் அதே சங்கத்தில் பழம் எடை போட்ட இளைஞர். இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். இதையும் அம்மையாருக்குச் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.)

என் சந்தேகம் இடத்தகராறில் ஆரம்பித்தது. கிடங்கு வரவேண்டிய இடம் பாலத்தடியில் இருக்கிற கீழ்ப் புல்வெளி. சமதளம், நகராட்சி நிலம், மின்கம்பமும் பக்கத்தில். மிலிசாவ் மட்டும், மேலே இருக்கிற பழைய பிளம் தோட்டத்துக்கு மாற்றலாம் என்றார். வெள்ளம் வரும் என்றார். இதற்கு முன் வந்த பெரிய வெள்ளமே அங்கே ஏறவில்லை என்று பொறியாளர் காட்டினார். அடுத்த கூட்டத்தில் மண் சரியில்லை என்றார். மண் நன்றாகவே இருந்தது. அதற்கடுத்த கூட்டத்தில் லாரி திரும்ப இடம் போதாது என்றார். ஒரு காரணம் உடைந்தால் அடுத்த காரணம் தயாராக இருந்தது. மேல் தோட்டம் இவருடைய மச்சினனோ சித்தப்பனோ எவனுக்கோ சொந்தம், அதை நல்ல விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. விசாரித்தேன். அதுவும் நகராட்சி நிலம். காரணம் போய்விட்டது, சந்தேகம் மட்டும் போகவில்லை.

வாக்கெடுப்பில் தோற்றார். "சரி, எல்லாரும் சொன்னா சரி," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் வயிறு குலுங்கவில்லை.

(பிறகு சேர்த்தது: கீழ்ப் புல்வெளிக்குக் கண்ணிவெடி இல்லை என்ற சான்றிதழ் இருந்தது. அதை எழுதித்தர ஓர் அலுவலகம் உண்டு. மண்ணுக்குக் கீழே வேறு எதுவும் இல்லை என்று எழுதித்தரத்தான் யாரும் இல்லை.)

4

வியாழக்கிழமை அடிக்கல் விழா. பந்தல் போட்டார்கள். ஆட்டை முழுதாகச் சுட்டார்கள். இரு நாட்டுக் கொடிகளும் ஐரோப்பியக் கொடியும் ஒரே உயரத்தில் பறக்கின்றனவா என்று ஒருவர் ஏணியில் ஏறி நின்று பார்த்தார். சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் பிளம் சாராயம் வந்தது. ஷெஃபிகா முஸ்லிம், குடிக்காதவர், அவர் கையில் பழச்சாறு. அம்மையார் பேசினார், எல்லாரும் குவளையை மோதிக்கொண்டார்கள்.

மிலிசாவ் கூட்டத்தில் இல்லை. அடித்தளத்துக்கு முளையடித்து நூல் கட்டியிருந்தார்களே, அதன் ஆற்றோர மூலையில், ஆல்டர் மரத்தடியில் தனியாக நின்றிருந்தார். குவளையை யாரோடும் மோதவில்லை. லேசாகச் சாய்த்து முதல் சொட்டைப் புல்லில் விட்டார். மிச்சத்தைக் குடித்தார்.

அந்தக் கரை மக்கள் கல்லறைக்குப் போனால் இப்படித்தான் செய்வார்கள். முதல் சொட்டு மண்ணுக்குள் இருப்பவருக்கு. செத்தவர்களை நினைத்துக் குடிக்கும்போது குவளையை மோதக்கூடாது. கல்யாணத்திலோ ஒப்பந்தத்திலோ யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். அபசகுனம் என்று பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துவிடுவார்.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். "கை வழுக்கிடுச்சு டீச்சர்," என்றார். அவருக்குப் பின்னால் ஷெஃபிகா நின்றிருந்தார். அவர் மிலிசாவைப் பார்க்கவில்லை, நனைந்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் வெட்கப்பட்டு அடித்திருப்பேன். இவ்வளவு கச்சிதமாக ஒரு கை தன்னைக் காட்டிக்கொடுக்குமா? எழுதுகிறவள் என்ற முறையில் மிலிசாவுக்கு மனதுக்குள் ஒரு வக்கீல் வைத்துப் பார்த்தேன். போரில் அவர் தம்பி ஆற்றின் மேற்பகுதியில் எங்கோ செத்திருக்கிறான், அவனுக்காக இருக்கலாம். அப்பா நினைவாக இருக்கலாம். ஒருவேளை உண்மையிலேயே கை வழுக்கியிருக்கலாம். பிறகு வக்கீலை அனுப்பிவிட்டேன். தம்பிக்கு ஊற்றுகிறவர் எதற்கு முளைக்குச்சியைச் சுற்றிக்கொண்டு அந்த மூலைக்குப் போக வேண்டும்? வெள்ளம், மண், லாரி என்று அவர் சொன்ன காரணங்களெல்லாம் ஒவ்வொன்றாக என் காதில் திரும்ப ஒலித்தன.

(நீங்களும் இதற்குள் அவரைக் குற்றவாளி ஆக்கியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பாலத்தின் அந்தப் பக்கம் நின்றால் கீழ்ப் புல்வெளி நன்றாகத் தெரியும். செய்தவரும் அறிவார், பார்த்தவரும் அறிவார். கையைச் சாய்ப்பது இருவருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.)

5

வெள்ளிக்கிழமை இயந்திரம் வந்து மேல்மண்ணை மட்டும் வழித்துவிட்டுச் சரளை கொட்டியது. திங்கட்கிழமை அதன்மேல் காங்கிரீட்.

நடுவில் சனிக்கிழமை மதியம் ஷெஃபிகா மிலிசாவைக் காப்பிக்குக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார். "நீங்கதானே எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர், வாங்க," என்றார். அவர் கேலி செய்தால் எனக்குப் பயம் வந்துவிடும்.

தட்டில் நான்கு கோப்பைகள். எப்போதும் காலியாக வைக்கிற கோப்பையிலும் அன்றைக்குக் காப்பி ஊற்றினார். மிலிசாவ் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார், வெளிச்சம் கண்ணில் படுகிறதாம். ராஸ்பெர்ரி விலை பற்றிப் பேசினோம், மழை பற்றிப் பேசினோம். பிறகு ஷெஃபிகா சர்க்கரைக் கட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டே, ஏதோ உப்பு கேட்பதுபோலக் கேட்டார்.

"கொம்ஷியா, வியாழக்கிழமை யாருக்கு ஊத்துனீங்க?"

"கை வழுக்கிடுச்சுக்கா."

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டன்னிக்கும் குடிச்சீங்க. அன்னிக்கு வழுக்கலையே."

மிலிசாவ் கோப்பையைத் தொடாமலே தள்ளிவைத்தார். தரையைப் பார்த்துச் சொன்னார்.

"மேல கட்டலாம்னு எத்தனை தடவை சொன்னேன். யாராச்சும் கேட்டீங்களா?"

"ஏன்னு நீங்க சொல்லலையே."

அதற்குப் பிறகு அவர் பேசியது எல்லாம் நியாயம்தான், அதுதான் என்னைச் சுட்டது. இப்போது தோண்டச் சொன்னால், காணாமல்போனவர்களைத் தேடுகிற ஆணையத்துக்காரர்கள் வருவார்கள், நாடாவைக் கட்டி வேலையை நிறுத்துவார்கள். கெடு தாண்டினால் பணம் திரும்பிப் போய்விடும். இந்த வருடப் பழமும் வியாபாரி கேட்ட விலைக்கே போகும். தோண்டி ஒன்றும் கிடைக்காவிட்டால் இரு கரையும் சேர்ந்து ஷெஃபிகாவைத்தான் திட்டும். "உங்க ஆளுங்களே உங்களை விடமாட்டாங்கக்கா," என்றார்.

இதை நான் எப்படி எழுதுவது? 'எச்சரித்தார்' என்று எழுதினேன். அடித்துவிட்டு 'மிரட்டினார்' என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டு 'கவலைப்பட்டார்' என்று எழுதினேன். மூன்றும் பொருந்துகின்றன. அந்த மனிதரின் முகம் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

அவர் போன பிறகு ஷெஃபிகா, ஊற்றிய நான்காவது கோப்பையை எடுத்துத் தானே குடித்தார். ஆறிப்போயிருந்தது. அவர் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

6

திங்களுக்கு முன் நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

ஷெஃபிகா ஆணையத்துக்குத் தொலைபேசியில் சொல்கிறார். தோண்டுகிறார்கள், ஒன்றும் இல்லை. பணம் திரும்பிப் போகிறது. மிலிசாவ் தலையைக் குனிந்துகொண்டு, நான் அப்பவே சொன்னேனே என்கிறார்… இதில் மிலிசாவ் ஜெயித்துவிடுகிறார். வேண்டாம்.

தோண்டுகிறார்கள். ஆவ்தோ கிடைக்கிறார். மகள் வருகிறாள், கல் நடுகிறார்கள், கிடங்கை மேலே கட்டுகிறார்கள், இரு கரையும் கண்ணீர்விட்டு… இதை ஹெல்வெக் அம்மையார் வாங்கிக்கொள்வார். அதனாலேயே எனக்கு இதன்மேல் நம்பிக்கை இல்லை.

ஷெஃபிகா எதுவும் சொல்லவில்லை. காங்கிரீட் விழுகிறது. ஒவ்வொரு வருடமும் பழம் வருகிறது. மைனஸ் குளிரில் பெட்டி பெட்டியாக அடுக்குகிறார்கள், ஷெஃபிகா மேற்பார்வை பார்க்கிறார், அவர் காலுக்குக் கீழே…

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், நடக்கக்கூடியது இதுதான் என்று நினைத்தேன். ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் எவ்வளவுதான் எதிர்த்து நிற்பார்?

7

திங்கள் காலை கலவை லாரி புல்வெளிக்கு வந்தபோது, சரளையின் ஓரத்தில், ஆல்டர் மரத்தடியில், ஷெஃபிகா ஒரு சமையலறை முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை. இரு கரை ஆட்களும் எட்டத்தில் நின்றார்கள். கிட்டே போக ஒருவருக்கும் துணிவில்லை. மிலிசாவுக்கு ஆள் போயிற்று. அவர் கார் பாலத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றதைப் பார்த்தேன். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். வந்தார்.

ஷெஃபிகா பையிலிருந்து ஒரு புட்டி பிளம் சாராயத்தையும் ஒரு சின்னக் குவளையையும் எடுத்தார். அவர் வீட்டுக்குள் அந்தப் பொருள் நுழைந்ததே இல்லை. கடையில் நின்று கேட்டு வாங்கியிருக்கிறார், அதுவும் இந்த ஊர்க் கடையில். குவளை நிறைய ஊற்றி மிலிசாவிடம் நீட்டினார்.

"அன்னிக்குக் கை வழுக்கிடுச்சுன்னீங்க. இன்னிக்கு வழுக்காமப் பண்ணுங்க. இங்க யாரும் இல்லன்னா முழுசாக் குடிச்சிருங்க, லாரியை நானே கையசைச்சு உள்ள விடறேன்."

மிலிசாவ் வாங்கிக்கொண்டார்.

"இருக்காருன்னா, முதல் சொட்டை ஊத்துங்க. யாரு, எப்படி, நீங்க எங்க நின்னீங்கன்னு ஒரு கேள்வி கேக்க மாட்டேன். எனக்கு இடம் மட்டும் போதும்."

லாரியின் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் பேச்சு புரியாத ஹெல்வெக் அம்மையார் என் தோளைத் தொட்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டார். திட்டம் முழுவதிலும் அந்த ஒரு முறைதான் என் மொழிபெயர்ப்பு உண்மையில் தேவைப்பட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு நடந்ததை நான் பார்த்தேன். இரண்டு கரையிலிருந்தும் வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

எழுதட்டுமா என்று அன்று மாலை ஷெஃபிகாவிடம் கேட்டேன்.

"எழுதுங்க டீச்சர். ஆனா கையில கிளாஸோட நிறுத்திருங்க. ஊத்துனாருன்னு எழுதுனா நாளைக்கே போலீஸ் அவர் வாசல்ல நிக்கும், தெரிஞ்ச மத்தவனுங்க எல்லாம் வாயை மூடிக்குவானுங்க. குடிச்சாருன்னு எழுதுனா அவர் பேர் சுத்தமாயிடும், அதுக்கும் எனக்கு மனசில்ல. இந்தக் கரையில இன்னும் எத்தனையோ வீட்ல கோப்பை காத்துக்கிட்டிருக்கு."

அம்மையாருக்கு நான் அனுப்பிய பக்கத்தில் இதெல்லாம் இல்லை. அதில் ராஸ்பெர்ரி இருக்கிறது, லாரிகள் இருக்கின்றன, சிரிக்கிற இரண்டு தலைவர்களின் படம் இருக்கிறது. ஊரின் பெயரும் இருக்கிறது. இங்கே ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் நீங்கள் பாலத்தில் நின்று கிடங்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்துவிடுவீர்கள்.

ஆகவே குவளையை உங்களிடம் தருகிறேன். மிலிசாவ் மேல் எனக்கு இருந்த சந்தேகமெல்லாம் இந்தப் பக்கங்களில் இருக்கிறது, உங்களுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊற்றினால் உங்களுக்குத் தெரியும் என்று ஊருக்கே தெரிந்துவிடும். குடித்தால் யாரும் உங்களை ஒன்றும் கேட்க முடியாது, பழமும் வீணாகாது. லாரி ஓட்டுநர் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார், காங்கிரீட் இறுகிக்கொண்டிருக்கிறது என்று கத்துகிறார். ஷெஃபிகா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.